படகின் பின்பக்க ஒட்டு

காலை ஏழு பத்துக்கு என் மகள் போன் செய்தாள்.

"அம்மா, படகு பின்பக்கம் வாய் பொளந்துக்குச்சு. காத்து எறங்குது. நீ பயப்படாத, நான் கரைக்கு..."

அவ்வளவுதான். திரும்ப அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அந்த நிதானத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் கழுவேலி ஏரிக்குள் தனியாக இருந்தாள். படிப்புக்காகப் பறவைகளை எண்ணுகிறவள். மீன்பிடிப் படகின் மோட்டார் சத்தத்துக்குப் பறவைகள் கிளம்பிவிடுகின்றன என்று, காற்றடைக்கும் படகு ஒன்றைத் தானே வெட்டி ஒட்டியிருந்தாள். மடித்தால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அடங்கிவிடும். ஏரியில் ஆழம் இடுப்பளவுதான். ஆனால் அடியில் சேறு. நின்றால் இழுக்கும், உதைத்தால் இன்னும் இழுக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும்.

பசை விஷயத்தில் அவள் அசட்டையாக இருந்தாள் என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என் சமையலறையையே ஆக்கிரமித்துத்தான் பசையைத் தேர்ந்தெடுத்தாள். படகுக்கு வாங்கிய துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, சைக்கிள் பஞ்சர் பசை, செருப்புக் கடைப் பசை, சொட்டுச் சொட்டாக விடும் அவசரப் பசை என்று ஒவ்வொன்றாலும் ஒட்டி, எங்கள் உப்பளத்து நீரில் ஊறப்போட்டு, செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். பஞ்சர் பசை விட்டுக்கொடுத்தது. அவசரப் பசை மடித்ததும் நொறுங்கியது. செருப்புப் பசை வெயிலில் இளகி வழுக்கியது. பசையும் அதை இறுக்கும் ஹார்ட்னருமாக இரண்டு டப்பாவில் வந்ததுதான் துணியோடு சேர்ந்து வளைந்தது, செங்கல்லையும் விடவில்லை.

அதற்கு ஆயிரம் பத்தியம். ஹார்ட்னரை எடைபோட்டுத்தான் ஊற்ற வேண்டும். புதுச்சேரி கடைக்காரர், "கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க பாப்பா, சட்டுனு புடிச்சுக்கும்" என்றாராம். "அப்புறம் அப்பளம் மாதிரி ஒடையும்ணா" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். கடற்காற்றின் ஈரத்தில் ஒட்டக் கூடாது என்று, அளத்தில் உப்பு பூக்கிற உச்சி வெயிலுக்காகக் காத்திருப்பாள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைப்பாள். இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு, பிறகுதான் சேர்த்து அழுத்துவாள். துடைத்த பிறகு யாரும் தொடக் கூடாது, விரல் பிசுக்கு பட்டாலே பசை பிடிக்காது. அந்தப் பக்கம் போனாலே என்னை விரட்டுவாள். முன்பக்கம் முழுவதையும் அப்படித்தான் முடித்தாள். பின்பக்கம் வளைவு. ஒருத்தி இரண்டு பக்கமும் பிடிக்க முடியாது. நான் வானூர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் ஸ்கூட்டரில் அளத்துக்கு விரைந்தேன். என் கணவர் வரப்பில் உட்கார்ந்து முழங்கால் வரைக்கும், முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அளத்தில் இறங்குகிற எவரும் எண்ணெய் தடவாமல் பாத்தியில் கால் வைப்பதில்லை. இல்லாவிட்டால் உப்புநீர் தோலை அறுத்துவிடும். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அந்த எண்ணெய்க் கையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவதற்குள் கேட்டேன்.

"பின்பக்கம் ஒட்டறப்ப யாரு அழுத்திப் புடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"கைய கழுவினீங்களா?"

"அளத்துலேர்ந்து நேரா வந்தேன். துண்டுல தொடச்சுக்கினு உக்காந்தேன். எண்ணெதான, அழுக்கா என்ன?"

"கிளவுஸ் குடுக்கலையா அவ?"

"குடுத்தா. உப்பு அள்ற கைக்கு கிளவுஸான்னேன். அதுக்குள்ள பசை காயுது காயுதுன்னு கத்தினா, புடிச்சுட்டேன். இப்ப என்னாடி?"

"அது பிச்சுக்கினு வந்துருச்சு. ஏரி நடுவுல கெடக்கறா. நீதான் பண்ண."

கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியதில்லை. அதை அவரும் கவனித்தார். எழுந்து வந்து வண்டியில் ஏறினார்.

ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற இரண்டு பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர், "பலூன்ல போனா பஞ்சராகாம இன்னா ஆவும் டீச்சர்?" என்றார். "உன் பொண்ணு உள்ள இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று நான் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர் படகு கேட்டு அனுமந்தையில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஏரிக்குள் இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் தொடை வரைக்கும் புதைந்தார். இரண்டு பேரும் துண்டை வீசி அவரை இழுத்துப் போட்டார்கள். சேற்றோடு உட்கார்ந்து அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. உயிரை நம்பிச் செய்த பொருள் அது. தொடாதே என்றால் தொடக் கூடாது. கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவர் அளத்துப் பாத்தியில் யாராவது அழுக்குக் காலோடு இறங்கினால் என்ன கத்துக் கத்துவார்!

வெயில் ஏறியது. தண்ணீரின் பளபளப்பில் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் அவளாகத் தெரிந்தது. எல்லாம் நாரைகள். அனுமந்தைப் படகும் வரவில்லை.

"அங்க பாரு டீச்சர்" என்று மாடு மேய்க்கிறவர் தெற்கே கை காட்டினார். கரையின் மேல் என் மகள் நடந்து வந்துகொண்டிருந்தாள். கழுத்து வரை சேறு. படகைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தாள். முன்பக்கம் தனிக் காற்றறை, அதில் காற்று இறங்கவில்லையாம். அதன் மேல் குப்புறப் படுத்து, கையாலேயே தள்ளிக்கொண்டு தெற்குக் கரையில் ஏறியிருக்கிறாள். போன் தண்ணீரில் போய்விட்டது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன், அடிக்கவும் செய்தேன். அவள் என்னை விலக்கிவிட்டு, பின்பக்கத்தை விரித்துக் காட்டினாள். பசை துணியில் பிடிக்காமல், எண்ணெய் விரல்கள் பட்ட அச்சிலேயே விரல் விரலாக உரிந்திருந்தது.

"யாரு கைன்னு தெரியுதும்மா" என்றாள்.

அவள் அப்பா எழுந்து வந்தார். "மறுபடி ஒட்டிக்கலாம் பாப்பா. இந்தத் தடவ கைய நல்லா கழுவிட்டு..."

அவள் படகை மறுபடி சுருட்டினாள்.

"ஒட்டலாம்ப்பா. ஆனா ஒட்டி முடிச்சதும் நீங்க மொதல்ல ஏறுங்க. தனியா."