வெயில் தாங்கும் குரோட்டன்ஸ்

எங்கள் வீட்டு மேலண்டை வாசலில் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் நிற்பது பிளாஸ்டிக் குரோட்டன்ஸ். தெருவைப் பார்த்த இலைகள் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகிவிட்டன. சுவர்ப்பக்கத்து இலைகள் வாங்கிய அன்று போலவே சிவப்பும் பச்சையுமாக இருக்கின்றன. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று. போட மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இப்போதெல்லாம் காலையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தால் அதைத் திருப்பி வைப்பேன். மறுநாள் பழையபடி வைப்பேன். கை சும்மா இருப்பதில்லை.

அந்த மேலண்டைப் பாதி என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தி இருந்த இடம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர், தெருவே கோயில் மனை. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி வந்து, எங்கள் ஆட்சி அமைந்தால் பட்டா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பட்டா வரவில்லை. அதற்குள், ஆள் குடியிருக்காத மனைகளைக் கோயில் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு வந்துவிட்டது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிற தெருவாகிப் போனது எங்கள் தெரு.

மூத்தார் இறந்த பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தார். வாசலில் செம்பருத்தி, நந்தியாவட்டை என்று நாலைந்து செடிகள். விடிந்ததும் அந்தப் பூ பிள்ளையாருக்குப் போய்விடும். ஒரு மாசியில் கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகன் வீட்டுக்குப் புறப்பட்டார். சாவியை என்னிடம் கொடுத்து, “செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துடி, போதும். வீட்ட அவன் பாத்துப்பான்” என்று கோயில் பக்கம் கையைக் காட்டினார். ஒரு கண் முடிந்து இன்னொரு கண் என்று பங்குனியும் போய்விட்டது.

அந்த வருடம் ஆற்றில் மணல்தான் ஓடியது. போர் தண்ணீர் உப்புக் கரித்தது. தெருக்குழாயில் கிடைத்த நாலு குடத்தில் சமையல் ஆக வேண்டும். ஆனாலும் பாத்திரம் கழுவிய தண்ணீர் இருந்தது. அதை என் வாழைக்கு ஊற்றினேன். சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சோம்பலா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்திரை பிறந்தபோது செம்பருத்தி குச்சியாக நின்றது.

அப்போதுதான், மேலண்டை வீடு பூட்டியே கிடக்கிறது என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்கள், பார்வையிட ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது. அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். கண்ணில் பச்சைத்துணியோடாவது வந்து நின்றிருப்பார். போன் செய்தால் முதலில் செடியைத்தானே கேட்பார்? அந்தப் பயத்தில் பிளாஸ்டிக் செடி வாங்க மயிலாடுதுறைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்கார பாய் வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். உள்ளே வைக்கவா, வெளியே வைக்கவா என்று கேட்டார். மேற்குப் பார்த்த வாசல் என்றதும் துணி இலைகளை ஒதுக்கிவிட்டார். ஈரத்துணியால் இலையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா பாருங்கள் என்றார். தண்டை வளைத்து உள்ளே கம்பி இருப்பதைக் காட்டினார். தொட்டியில் மணல் நிரப்பாவிட்டால் ஆடிக்காற்று உருட்டிவிடும் என்றார்.

“இதுக்கு ஒரே வேலதாம்மா, வாரம் ஒருக்கா தூசி தொடைக்கணும். மாமியா மாதிரி அதக் கொண்டா இதக் கொண்டான்னு கேக்காது.”

சிரித்தேன். பூத்த செம்பருத்தியும் வைத்திருந்தார். சாமிக்குப் போகிற பூவைப் பிளாஸ்டிக்கில் வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்ததிலேயே வெயில் தாங்குகிற குரோட்டன்ஸாக ஐந்து எடுத்தேன். காய்ந்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டு வரிசையாக வைத்துத் தரையிலும் தண்ணீர் தெளித்தேன். தள்ளி நின்று பார்த்தால் ஆள் இருக்கிற வீடுதான்.

கோயில் அலுவலகத்திலிருந்து வந்தவர் நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார், பேச்சும் மரியாதைதான். தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எல்லோர் வாசலிலும் செடி கருகிக் கிடக்கிறது. இந்த ஒரு வாசல் மட்டும் தளதளவென்று நிற்கிறது.

“மேட்டூர் தொறக்கல, ஊரே காஞ்சு கெடக்கு. இந்த வீட்டுக்கு மட்டும் எங்கேருந்துங்க தண்ணி வருது?” என்றவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். அது கிள்ள வரவில்லை.

“இத யாருங்க வச்சது?”

காய்ந்த செடியை அப்படியே விட்டிருந்தால் அதுவும் பத்து வீட்டில் ஒன்றாகப் போயிருக்கும். அது போகட்டும். நான்தான் வைத்தேன், அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் எங்கள் பாதிக்கும் வில்லங்கம் வருமோ என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுதிக்கொண்டார். குடியிருப்பதுபோலக் காட்டப் பொய்ச்செடி வைத்திருக்கிறார்கள் என்று அக்காவின் பேரில் எழுதினார். அதை வைத்தே அந்தப் பாதியைக் கோயில் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு வந்தது.

வைகாசியில் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வந்து படியில் உட்கார்ந்தார். இலையைத் தடவிப் பார்த்தார்.

“செடி போனா போவுது, ஊருக்கே தண்ணி இல்ல. கேட்டப்ப ‘நான் வச்சேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பண்டபாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. சென்னையிலேயே காலமாகிவிட்டார். பக்கத்துக் குடியிருப்புக்காரர் என்று அந்தப் பாதி எங்கள் பேருக்கே வந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது ஆற்றில் தண்ணீர் வருகிறது. அதே இடத்தில் செம்பருத்தி வைத்திருக்கிறேன், நன்றாகப் பூக்கிறது. தினமும் பிள்ளையாருக்குக் கொண்டுபோகிறேன். அர்ச்சனைக்கு யார் பேர் என்று குருக்கள் கேட்டால், சாமி பேருக்கே செய்யுங்கள் என்றுவிடுகிறேன். நாலு தொட்டி உடைந்துபோய் இந்த ஒன்று மிச்சம்.

போன வாரம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மருமகள் கேட்டாள், “இத யாரு அத்தை இங்க வச்சது?”

“நான்தாம்மா வச்சேன்.”

அவள் சரியென்று பெருக்கிக்கொண்டே போய்விட்டாள். அவ்வளவு சின்ன வார்த்தை அது. இன்று காலை வெளுத்த பக்கம் தெருவைப் பார்க்கிறபடி தொட்டியை வைத்துவிட்டுப் பூக்கூடையோடு கிளம்பினேன். கோயில் வாசல் வரை போனவள் உள்ளே போகாமல் திரும்பி வந்து, அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன்.