நஞ்சப்பனின் பதினாலாவது ஆள்

"ஆள் மாத்துற சோலியே நமக்கு ஆகாதுங்க" என்று நஞ்சப்பன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பத்து வருடமாக இந்த ஒரே வாக்கியத்தால் மற்ற ஏழு மேனேஜர்களின் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

வாரத்தில் ஆறு நாள் அவர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால்பந்து டீம் மேனேஜர். திருப்பூரில் கால்பந்தா என்று சிரிக்க வேண்டாம். பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் ஆடும் எட்டு டீம்கள் அங்கே உண்டு. டீமுக்குப் பதினாலு பேர். ஏழு பேர் ஆடுவார்கள், ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காக்காரர்களோடு போனில் பேசிப் பேசியே பாதி அமெரிக்காக்காரராகிவிட்ட வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசர், ஆள் எடுப்பதற்கும் அவர்கள் ஊர் முறையையே கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆகஸ்ட் மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், புதிதாக ஆடுவதற்குப் பேர் கொடுத்த எல்லோருடைய பேரையும் போர்டில் எழுதுவார்கள். போன வருடம் கடைசியில் வந்த டீம் முதலில் ஒரு ஆளை எடுக்கும், பிறகு அதற்கு முந்திய டீம், இப்படியே சுற்றிச் சுற்றி வரும். இதற்குப் பேர் டிராஃப்ட். எடுத்த ஆள் அவராக விலகும்வரை அந்த டீமுக்குச் சொந்தம். நடுவில் உன் ஆளைக் கொடு, என் ஆளைத் தருகிறேன் என்று இரண்டு மேனேஜர்கள் பேசி மாற்றிக்கொண்டால், அது மாத்து.

நஞ்சப்பனுக்கு டிராஃப்ட்தான் எல்லாம். அதற்கு அவர் சொல்லும் காரணமும் லேசில் தள்ளக் கூடியதல்ல. ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் அவர் ஆயிரத்து முப்பது வெட்டுவார். துணியில் ஓட்டை வரும், தையலில் கோணல் வரும், ஏதாவது கழிந்துகொண்டேதான் இருக்கும். ஆளும் அப்படித்தான். தீபாவளிக்கு ரயில் ஏறுகிற வடநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஷிப்மென்ட் அவசரம் என்றால் உள்ளூர்க்காரர்களே ஞாயிற்றுக்கிழமை மட்டம் போட்டுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். "மூணு பேரக் குடுத்து ஒரு ஸ்டார வாங்கறீங்க. அந்த ஸ்டாருக்குக் காய்ச்சல் வந்தா நீங்க எறங்கி ஆடுவீங்களா?" என்று கேட்பார். நவம்பர் மாதத்தில் மற்ற டீம்கள் ஆள் பற்றாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். நஞ்சப்பன் டீமுக்கு ஒரு வருடமும் அந்த நிலை வந்ததில்லை. கோப்பையும் வந்ததில்லை, அது வேறு கதை.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மாத்து என்றால் நாலு பேருக்குப் போன் போட வேண்டும், டீக்கடையில் போய் உட்கார வேண்டும், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று தொடங்கி ஊர்க்கதை பேசிக் கடைசியில்தான் விஷயத்துக்கு வர வேண்டும். டிராஃப்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. தாளில் பேர்களைக் குறித்துக்கொண்டு போய், தன் முறை வரும்போது கையைத் தூக்கினால் போதும். அந்த 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா' என்ற கேள்விதான் மனுஷனுக்கு ஆகாதது.

அவர் மனைவி விஜயகுமாரி மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போய் மூன்று வருடமாகிறது. மூன்று மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை தவழட்டும் என்றார், நடக்கட்டும் என்றார், பிறகு ஒன்றும் சொல்வதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்து தொலைத்திருக்கும். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு, நீ?" "ஆச்சுங்க." அத்தோடு சரி. போனை வைத்துவிட்டு அதன் பிறகுதான் அவர் சோற்றுக்கு அரிசியே களைவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாரத்தில் ஒரு நாள் பேச்சுத் துணை இருந்தது. பேர் மாரிச்செல்வம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், வயது முப்பத்து நாலு. ஆறு வருடத்துக்கு முன்னால் டிராஃப்டில் கடைசிச் சுற்றில் போர்டில் மிச்சமிருந்த ஒரே பேர் அவருடையது. எடுக்காமல் விட்டால் பாவம் என்று நஞ்சப்பன் கையைத் தூக்கினார். பதினாலாவது ஆளாக வந்தவர் பெஞ்சின் ஓரத்தில், நஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

வீட்டிலிருந்து சுக்குக் காப்பி கொண்டுவருவார். ஆளுக்கு அரை டம்ளர். ஆட்டம் தொடங்கினால் அவர் வாய் சும்மா இருக்காது. "ரெஃப்ரிக்கு வூட்ல என்ன சண்டையோ, நம்ம மேல காட்டுதாரு அண்ணாச்சி" என்பார். நஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வாரத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரிப்பது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான். களத்தில் யாருக்காவது காலில் அடிபட்டால் பெஞ்சைப் பார்ப்பார். கண் மாரியைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய் நிற்கும். "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்பார். மாரியும் தலையை ஆட்டுவார். ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

இந்த வருடம் அரையிறுதிக்கு முந்திய வாரம் நஞ்சப்பனின் கணக்கு வசமாக மாட்டிக்கொண்டது. எல்லா இடத்துக்கும் இரண்டிரண்டு ஆள் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர், கோல்கீப்பருக்கும் இரண்டு பேரை டிராஃப்டில் எடுத்திருந்தார். இரண்டு பேரும் பீகார்க்காரர்கள், இரண்டு பேரும் ஒரே ஊர், அதுவும் பங்காளிகள். தீபாவளி கழிந்து அவர்கள் ஊரில் வரும் சட் பூஜைக்கு ஒரே ரயிலில் போனார்கள். ஊரில் கல்யாணம் ஒன்று வந்துவிட்டது, முடித்துக்கொண்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் ஒரே போனில் மாறி மாறிப் பேசினார்கள். இதற்கு யாரைப் போய்த் திட்டுவது?

வியாழக்கிழமை மத்தியானம் ரஷீத் நஞ்சப்பனின் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். பனியனுக்கு லேபிளும் பட்டனும் சப்ளை செய்பவர், இன்னொரு டீமின் மேனேஜர். அவர் டீமும் அரையிறுதிக்கு வந்திருந்தது, ஆனால் வேறு டீமோடு ஆட்டம். வலுக்கட்டாயமாக டீக்கடைக்கு இழுத்துப் போனார்.

"ஏனுங்க நஞ்சப்பண்ணே, கீப்பர் இல்லாம என்ன பண்ணப் போறீங்க? என்றகிட்ட ரெண்டு பேர் இருக்கறாங்க. ஒருத்தர எடுத்துக்கங்க. எனக்குத் தடுத்து ஆடற லெஃப்ட் பேக் கணுக்கால் பிசகிப் படுத்துக் கிடக்கறான். மாரிச்செல்வத்தக் குடுங்க."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "மாரியா? அவன் ஆடாத ஆளுங்க."

"நீங்க ஆட விட்டாத்தானுங்களே! சாயங்காலத்துல எங்க ஆளுகளோட சும்மா வந்து ஆடறான். அவனத் தாண்டி ஒருத்தன் போக முடியறதில்லீங்க. ஆறு வருஷமா அந்த மனுஷன எதுக்கு உக்கார வெச்சிருக்கறீங்க?"

"ஆள் மாத்துற சோலியே நமக்கு ஆகாதுங்க."

"சனிக்கெழம ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குது. அதுக்கப்பறம் மாத்து குளோஸ். யோசிங்க" என்று ரஷீத் எழுந்து போய்விட்டார்.

எதற்கு உட்கார வைத்திருக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை முழுக்கத் துணியை விரித்து வெட்டும்போதும் அந்தக் கேள்வி காதுக்குள் நின்றது. பெஞ்சு பலமாக இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. மாரியைக் களத்தில் இறக்கினால் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? அதுதான், அது மட்டும்தான் காரணம். ஐம்பத்தொரு வயதில், தலை நரைத்த பிறகு, ஒரு ஆளைப் பேச்சுத் துணைக்காகக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறேனே, சீச்சீ என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் போனைத் தொடவில்லை.

சனிக்கிழமை சாயப் பட்டறையிலிருந்து துணி வராததால் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வாசலில் மாரிச்செல்வம் நின்றார். ஆறு வருடத்தில் அவர் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. விலாசத்தை யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார்.

"வா தம்பி, உக்காரு. டீ போடறேன்."

மாரி உட்காரவில்லை. "ரஷீத் பாய் என்னையக் கேட்டாராம்லா அண்ணாச்சி?"

"கேட்டாரு."

"நீங்க முடியாதுன்னு சொல்லிட்டியளாம்."

"பெஞ்சு பலமா இருக்கோணும் தம்பி. நீ போயிட்டா..."

"எந்தப் பெஞ்சு அண்ணாச்சி? ஆறு வருசத்துல நான் எத்தன தடவ எறங்குனேன், சொல்லுங்க பாப்போம்." குரல் உயரவில்லை. "வூட்ல நான் ஆடுதேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கா. ஆட்டம் முடிஞ்சி பனியன் அழுக்காவாமப் போனா என்னன்னு கேப்பாள்லா? அதனால தண்ணிக் குழாய்ப் பக்கம் போயி பனியன்ல மண்ணத் தேச்சிக்கிட்டுப் போவேன். அவ துவைச்சிப் போடுவா. ஒரு நா வந்து பாக்கட்டுமான்னு கேப்பா. வெயிலு, பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லிருவேன்."

நஞ்சப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், தான் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிப் போன பிறகு இந்த மனுஷன் குழாயடியில் நின்று மண்ணைத் தேய்த்திருக்கிறான்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல அண்ணாச்சி. உங்ககூட இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஆட வந்தவன்லா?" என்றார் மாரி. சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

அவர் படியிறங்கிப் போன பிறகு நஞ்சப்பன் வெகுநேரம் நாற்காலியிலேயே கிடந்தார். முடியாது என்று இருந்துவிட்டால் நாளைக்குக் காலையில் மாரி வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்காருவான். சுக்குக் காப்பியும் கொடுப்பான். பேசுவானா? பேசவும் செய்வான், அப்படிப்பட்ட ஆள்தான் அவன். ஆனால் சிரிப்பு வருமா? ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரஷீத்தின் நம்பரை அழுத்தினார். அவர் எடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டார். "சௌக்கியந்தானுங்க" என்று ரஷீத் சிரித்தார். பிறகு இரண்டே வாக்கியத்தில் மாத்து முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் ரஷீத் டீமுடையது. நஞ்சப்பன் டீமின் ஆட்டம் அதற்கு அடுத்தது. வேலியோரம் தனியாக நின்று பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, மாரி நின்ற பக்கம் ஒரு பந்து தாண்டவில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவன் திரும்புவதற்கு முன்பே மாரிக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருடமாக உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்த கண்! இரண்டாவது பாதியில் வழுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்டு எழுந்தபோது நெஞ்சிலிருந்து முழங்கால் வரை செம்மண். நஞ்சப்பனுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இந்த ஆளையா என் பக்கத்தில் வைத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ரஷீத் டீம் ஒன்று பூஜ்யம் என்று ஜெயித்தது. மாரியின் பெண்டாட்டியும் மகளும் வந்திருந்தார்கள். அந்தம்மா நேராக நஞ்சப்பனிடம்தான் வந்தார். பின்னாலேயே மாரியும் ஓடி வந்தார்.

"நீங்கதான அண்ணாச்சி? உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது. ஆறு வருசமா உங்களுக்குத்தான ஓடுனாவ? பனியன்ல மண்ணு அடிச்சாலும் போவாது. அப்படி ஆடுன ஆளத் தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டியளே!" சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மாரிச்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"குடுக்க மனசே இல்லீங்க அம்மிணி" என்றார் நஞ்சப்பன். "ஆறு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கெழமகூட வராம நின்னதில்லீங்க. இவரு இல்லாம எனக்கு எப்படி ஓடப் போகுதுன்னே தெரியலீங்க."

மாரியைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக வரவில்லை.

"அப்பம் அடுத்த வருசம் திருப்பி வாங்கிக்கிடுங்க" என்றார் அந்தம்மா.

மாரி நிமிர்ந்து நஞ்சப்பனைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கு விசில் அடித்தார்கள்.

"வேண்டாமுங்க, அங்கயே ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் தன் பெஞ்சைப் பார்த்து நடந்தார்.