பாறைமேல் பள்ளிக்கும் அதே மானியம்

நான் தலைமையாசிரியையாக இருந்த நடுநிலைப் பள்ளி, திருத்தணி மலையின் பின்சரிவில் பாறைமேல் நிற்கிறது. போர்வெல் போட்ட இடத்திலெல்லாம் கல்தூள்தான் பறந்தது. எங்களுக்குத் தண்ணீர் டிராக்டர் டேங்கரில்தான் வரும், அதுவும் காசுக்கு. அரக்கோணம் பக்கம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் பள்ளிக்கும் எங்களுக்கும் மானியம் ஒன்றுதான். பிள்ளைகளின் தலையை எண்ணித் தருவார்கள். தலை குறைந்தால் மானியமும் ஒரு படி இறங்கிவிடும்.

மலைப்பகுதிப் பள்ளி என்று கணக்கில் எடுத்துக் கூடுதலாகத் தரக்கூடாதா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"முருகனுக்குத்தாம்மா இது மலை. கவர்மெண்டுக்கு வெறும் மேடு."

ஆடிக் கிருத்திகை வந்தால் டேங்கர்களெல்லாம் காவடிக் கூட்டத்துக்குப் போய்விடும். லாட்ஜ்காரர்கள் கொடுக்கும் விலையை எங்களால் கொடுக்க முடியாது. அதனால் முந்தைய வாரமே தொட்டியை நிரப்பி வைப்பது என் வழக்கம். அந்த ஆண்டு குரங்குகள் மூடியைப் பெயர்த்தன. ஒரு குட்டி உள்ளே விழுந்து செத்து ஊறியது. அத்தனை தண்ணீரையும் திறந்துவிட்டேன். தண்ணீரில்லாத கழிப்பறையின் நாற்றம் தாங்காமல் அதைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பெண் பிள்ளைகள் பாறைக்குப் பின்னால் போனார்கள். அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். நெற்றி பிளந்து, சீருடை நனைய ரத்தத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். கழுவிவிடத் தண்ணீர் இல்லை. என் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். போதவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார், கையில் கடப்பாரையுடன். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"கக்கூசப் பூட்டிகினு இன்னாத்துக்கு டீச்சர் ஸ்கூல் நடத்துறீங்க?"

"தண்ணி இல்லம்மா."

"இல்லியா? கீழ ரோட்ல வண்டி வண்டியா போய்க்கினு கீது. கண்ணு தெரியலியா?"

கடப்பாரையை ஓங்கி அடித்தார். பூட்டு தெறித்தது. அதோடு நிற்கவில்லை, கதவே பிளந்து விழும்வரை அடித்தார். பிறகு ரோட்டுக்கு இறங்கினார். வாசலில் நின்றிருந்த மற்ற அம்மாக்களும் பின்னாலேயே போனார்கள். தடுக்கத்தான் நானும் ஓடினேன்.

எங்களுக்கு வழக்கமாக வரும் டேங்கர், ஒரு லாட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா கடப்பாரையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார்.

"எறங்கு பாவா. உனக்கும் காவடி எடுத்தாதான் தண்ணி வுடுவியா?"

"அட்வான்ஸ் வாங்கிக்கினேன்கா, வழி வுடு. பீ கழுவற தண்ணிக்கா இவ்ளோ ரகளை?" என்றார் டிரைவர்.

அம்மாக்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். முகம் தார்மேல் உரசிக் கிழிந்தது. ஒருவர் செருப்பால் அறைந்தார். இன்னொருவர் முடியைப் பற்றித் தலையைச் சக்கரத்தில் மோதினார். டிரைவர் துப்பிய ரத்தத்தில் பல் இருந்தது. நடுவில் புகுந்த என் மணிக்கட்டில் யாருடைய உதையோ விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

டிரைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே வண்டியைப் பள்ளிச் சரிவில் ஏற்றினார். பக்கத்து மட்கார்டில் அந்த அம்மா கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார். தொட்டி நிரம்பும்போது போலீஸ் வந்தது. அவரையும் இன்னும் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

"நாளைக்கு எம்பொண்ணு வருவா டீச்சர்! கதவத் தொறந்து வையுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"கதவு எங்கம்மா இருக்கு?" என்றேன். ஜீப்பிலிருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் நெற்றியில் தையலோடு அந்தப் பெண் வந்தாள். அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் வாசலில் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். உடைந்த கதவுக்கு மானியத்தில் இடமில்லை என்றார் அதிகாரி.

திருவிழா முடிந்ததும் டிரைவர் வந்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"இனிமே உங்க ஸ்கூலுக்கு ரேட்டு தனி டீச்சர். மேடு ஒண்ணு, பாற ஒண்ணு, அப்பறம் உங்க பொம்பளைங்க."

"ஆங், சரிப்பா," என்றேன். கட்டுப்போட்ட கையால் தொட்டி மூடியைத் தூக்க முடியவில்லை. அவரே ஏறித் திறந்தார்.