டைல்ஸ்காரர் போட்ட மீன்தொட்டித் தரை

அந்த ஊரில் டைல்ஸ்காரர் போட்ட தரையில் கால் வைக்காதவர்கள் குறைவு. முப்பது வருடமாக முட்டி போட்டே குடும்பம் நடத்தியவர் அவர். வங்கி, பள்ளிக்கூடம், புதுத் தம்பதிகளின் சமையலறை என்று எத்தனையோ தரைகள். எல்லாவற்றிலும் யார் யாரோ நடந்தார்கள். அவர் மனைவிதான் நடக்கவில்லை.

அவள் வழுக்கி விழுந்தது சொந்த வீட்டுக் குளியலறையில். எங்கோ வேலை முடிந்து மிஞ்சிய பளபள டைல்ஸை, சும்மா கிடைத்ததே என்று அவரே ஆசை ஆசையாக ஒட்டிய தரை அது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன். "ஆறு வாரத்துக்குள்ள எழுந்து நடந்துடணும். விட்டா அப்புறம் கஷ்டம்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வாரம் ஓடிவிட்டது. வாங்கி வைத்த வாக்கரில் ஈரத் துண்டுதான் காய்ந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவள் திட்டவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவர் பாதியாக இளைத்துப் போனார்.

அப்போதுதான் அவள் தம்பி வேனில் வந்து இறங்கினான்.

"மாமா, ஒரு ஹோட்டல்ல முன்கூடத்தை இடிக்கிறாங்க. ஆறடி மீன்தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு, எல்லாம் சும்மா. அக்கா படுத்துக்கிட்டே பார்க்கட்டுமே."

"உங்க அக்கா என்னையே பார்க்க மாட்டேங்கிறா, மாப்ள."

"உங்களைப் பார்க்கிறதுக்கு மீனைப் பார்க்கலாம் மாமா. குத்தமில்ல."

கூடத்தில், அவள் கட்டிலிலிருந்து நேராகத் தெரியும்படி தொட்டியை வைத்தார்கள். செடி என்றால் அவளுக்கு உயிர். அதனால் உள்ளே செடிதான் வளர்க்க வேண்டும் என்று டைல்ஸ்காரர் முடிவு கட்டிவிட்டார். அது கண்ணில் பட்டால் ஒருநாள் எழுந்து வந்துவிட மாட்டாளா? செடிக்குத் தரை வேண்டும். தரை நம் வேலைதானே என்று நினைத்தார், பாவம்.

மீன் கடைக்காரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். "தண்ணிச் செடிக்குன்னே பையில மண்ணு வருது அண்ணே. உங்க தொட்டிக்கு ஒன்பது பை வேணும்."

விலையைக் கேட்டதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இது தொட்டியில போடுற மண்ணா, கழுத்துல போடுற நகையா?"

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப நீங்களே தேடுங்க. எதை எடுத்தாலும் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். செடி தேறாது."

வேலைக்குப் போன இடமெல்லாம் சட்டைப்பையில் வினிகர் பாட்டிலோடு அலைந்தார். தன்னிடம் குவிந்து கிடந்த மார்பிள் சில்லுகளில் முதலில் விட்டார். சோடா மாதிரி பொங்கியது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் பொடி, அதுவும் பொங்கியது. கட்டட வேலைக்கு வரும் கல்தூளைக் கழுவினால் பத்தாவது வாளியிலும் பாலாகவே ஓடியது. கடைசியில், முன்பு அவர் டைல்ஸ் ஒட்டிய நீச்சல் குளத்தில், தண்ணீர் வடிகட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த மணல் கண்ணில் பட்டது. வினிகர் விட்டார். மணல் வாயைத் திறக்கவில்லை. சிமென்ட் மூட்டை விலைதான். நாலு மூட்டை வாங்கினார்.

"வெறும் மணல்ல சத்து இல்லண்ணே" என்றாள் கடைக்காரம்மா. "அடியில ஒரு விரக்கடை செடி மண்ணைச் சலிச்சுப் போடுங்க. புது உரம் கலந்தது வேணாம்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது, சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பின்னால இருக்கிற என் பூந்தொட்டி மண்ணை எடுத்துக்குங்க. உரம் போட்டு மாசக் கணக்காச்சு. இனிமே நான் எங்க அதுங்ககிட்ட போகப் போறேன்?"

மறுநாள் காலை, டைல்ஸ்காரர் காய்ந்த ரோஜாவின் வேரை உதறி மண்ணைச் சலித்தபோது, தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்று மச்சினனிடம் சொன்னார்.

மண்ணைப் பரப்பி, மேலே மணலைப் போட்டு, செடி நட்டுத் தண்ணீர் நிரப்பினார். மீன் பிறகுதான் விட வேண்டுமாம். முதல் வாரம் அவள் சுவரை விட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்கு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஆனால் அடுத்த வாரமே இலைகள் பழுத்தன. அடியிலிருந்து குமிழி குமிழியாக ஏதோ வந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் கருத்திருந்தது.

டாக்டர் சொன்ன கெடு முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

"அழுகின முட்டை நாத்தம் வருதே, என்னங்க அது?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. மணல் நல்ல மணல்தான். எப்படி ஆச்சுன்னே தெரியல."

"போட்டதும் தட்டினீங்களா?"

"லேசா."

"லேசான்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "கட்டையால இடிச்சேன். மட்டப்பலகை இழுத்தேன். அப்புறம் ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன். நூல் பிசகல."

உள்ளே கட்டில் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி ஓடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தாள்.

"அடக் கடவுளே! செடிக்குத் தரை போட்டிருக்கீங்க! இறுக்கி வெச்சா வேர் எப்படி மூச்சு விடும்? ஒரு குச்சி எடுத்து மெதுவா குத்தி விடுங்க."

அவர் மூங்கில் குச்சியை எடுத்துக் குத்தினார். பாறையில் துளை போடுகிறவர் மாதிரிதான் குத்தினார். மண் மேலே கிளம்பித் தண்ணீர் கலங்கியது.

"ஐயோ, என் மண்ணு! அப்படி இல்லங்க! நிறுத்துங்க. நகருங்க அந்தப் பக்கம்!"

வாக்கர் மேலிருந்த துண்டு தரையில் விழுந்தது. டைல்ஸ்காரர் திரும்பிப் பார்த்தபோது அவள் கதவருகில் நின்றாள். கால்கள் நடுங்கின. அவர் பாயப் போனார். "தொடாதீங்க" என்ற ஒரே அதட்டலில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஒரு அடி. ஒரு மூச்சு. இன்னொரு அடி. அவர் போட்ட தரையில்தான் நடந்து வந்தாள்.

தொட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டு குச்சியை வாங்கினாள். ஓர் ஓரத்தில் மெல்ல இறக்கி, சுழற்றி எடுத்தாள். ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"ஒரே நாள்ல மொத்தத்தையும் கிளறக் கூடாது. இன்னிக்கு இந்த மூலை போதும். நாளைக்கு அந்த மூலை."

"வலிக்குதாம்மா?"

"உயிர் போகுது. பேசாம நில்லுங்க."

அவர் பேசாமல் நின்றார். அவள் முதுகில் படாமல், முதுகை விட்டு அகலாமல், இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.