பதினான்காவது பள்ளம்

மேட்டின் சரிவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த மனிதர் மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தைப் பார்த்து "உச்" கொட்டுகிறார். இன்றைக்கு இது மூன்றாவது உச். தடத்துக்குரியவர் இந்நேரம் மேட்டை விட்டு இறங்கிப் பேருந்தே ஏறியிருப்பார். அதனால் என்ன? திட்டுவதற்கு ஆள் எதிரில் இருந்தாக வேண்டும் என்று இவர் நினைப்பதில்லை. "ரெண்டாயிரம் வருஷம் தாங்குன மண்ணு. உன் ஒரு செல்ஃபிக்குத் தாங்கல பாத்தியா?"

அலுவலகத்தில் அவருக்கு 'சென்டிமீட்டர்' என்று பெயர். தொல்லியல் துறையில் நில அளவையாளர். மண்ணுக்குள் ஒரு பழைய ஊர் புதைந்து கிடக்கும் மேட்டை மழைத்தண்ணீர் எங்கெங்கே அரித்துப் பள்ளமாக்குகிறது என்று அளப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவர் பிழைப்பு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ட்ரோனைப் பறக்கவிட்டு நானூறு படம் எடுப்பார். கணினி அவற்றை ஒட்டி ஒரே வரைபடமாக்கும். பழைய வரைபடத்தோடு அதை ஒப்பிட்டால், மண் போன இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும்.

வீட்டிலும் இதே பார்வைதான். "சர்க்கரை நாலு சென்டிமீட்டர் எறங்கியிருக்கே, யாரு வந்தாங்க?" என்று டப்பாவைத் தூக்கிப் பிடித்துக் கேட்பார்.

மழைமீது அவருக்குப் பெரிய கோபம் இல்லை. "அதுக்குக் காலா இருக்கு? காலு இருக்கிறவங்கதான் ஆபத்து." அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு விதியையும் மேலிடத்தில் நச்சரித்து வாங்கி வைத்திருக்கிறார்: மேட்டைச் சேதப்படுத்தியவர் யாரானாலும் மறுபடி மேட்டில் கால் வைக்கக் கூடாது.

இந்த மழைக்குப் பிறகு புதிதாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. பதின்மூன்று பள்ளங்கள் ஏற்கெனவே கணக்கில் இருந்தன. இது பதினான்காவது. பழைய செங்கல் சுவரை நோக்கிச் சரிவில் விறுவிறுவென்று இறங்கியிருந்தது. சுவரைத் தொட இன்னும் முப்பத்தொரு சென்டிமீட்டர்தான் பாக்கி. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தையல் வேலை பார்க்கும் மனைவியின் மேசையில் விரித்தார். "புதுசு! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

விடுமுறை நாள்களில் சாப்பாட்டுக் கூடையோடு மேட்டுக்குப் போய்வந்த அந்த அம்மாள், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி இவ்வளவு நேராவா ஓடும்?"

"சரிவு அப்படி."

"இது நீங்க ஸ்கூட்டர் நிறுத்துற எடம்." விரல் கோட்டின் மேலேயே நகர்ந்தது. "இது நீங்க அளவுக் கருவிக்கு முக்காலி வைக்கிற எடம். நடுவுல இருக்கிறது நீங்கதாங்க."

"நான் அளக்கப் போறேன். அது வேற."

"அது மண்ணுக்குத் தெரியுமா?"

அவர் கணக்குப் போட்டார். நாளுக்கு நாலு நடை, தோளில் பதினைந்து கிலோ, பன்னிரண்டு வருடம். அவர் கால் தேய்த்து வைத்த தடத்தில்தான் இந்த மழை இறங்கியிருந்தது. மனக்கணக்கு முடிந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வெறும் வெட்கம் மிஞ்சியது.

அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மழை என்று எழுதினால் வம்பில்லை. மழைமீது எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. கோப்பு தூங்கும், அடுத்த மழையில் சுவர் சரியும். மனித நடமாட்டம் என்று எழுதினால் ஒரே வாரத்தில் வேலி வரும், பள்ளத்தை மூட ஆள் வரும். ஆனால் அந்த மனிதர் யார் என்று அடுத்த கட்டம் கேட்கும். மேட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் பதிவறை மூலையில் ஒரு நாற்காலிதான்.

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "மழைன்னே எழுதிடுங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"முப்பத்தொண்ணுதான் இருக்கு" என்றார் அவர்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். 'சேதப்படுத்தியவர்' என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். தாளைச் சற்று மேலே தள்ளி, 'அளவெடுத்தவர்' என்ற கட்டத்தில் அதே கையெழுத்தை இன்னொரு முறை போட்டார்.