நெல்சி கேட்ட ஒரு நாள்

நெல்சி பர்ராசாவை வாய்ச்சொல்லால் நம்ப வைக்க முடியாது. மாம்பழக்காரன் தேன் என்றால், "அறு, பாக்கலாம்" என்பாள். மழை பெய்கிறது என்று புருஷன் சொன்னாலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பாள். பர்ராங்கியா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ரத்தத்தில் கிருமி தேடுகிறாள். இந்தக் குணம் இல்லாவிட்டால் அங்கே குப்பை கொட்ட முடியுமா!

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தெருவெல்லாம் மேளம். மூன்றாம் மாடியில் யாஜைரா என்ற பத்தொன்பது வயசுப் பெண்ணின் குறைமாதக் குழந்தை மூச்சுக் குழாயோடு கிடந்தது. ரத்தத்தில் ஈஸ்ட் பூஞ்சை, அதுவும் பல மருந்துக்கு மசியாத பொல்லாத இனம். முந்தாநாளிலிருந்து ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காலையில் பரிசோதனை மெஷின் சீட்டைத் துப்பியது: இந்த மருந்து கேட்காது.

இதற்குப் பதிலாகப் போடக்கூடிய மருந்து இங்கே தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து ஊரான கார்த்தஹேனா ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இருந்தது. குழந்தையைக் கொண்டுவந்தால் போடுவோம், மருந்தைக் கொடுத்தனுப்ப மாட்டோம் என்றார்கள். டாக்டர் லுஸ்தாரி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரப் பயணத்தைக் குழந்தை தாங்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

நெல்சி படியேறி ஓடினாள். "டாக்டர், இந்தப் பூஞ்சை விஷயத்துல மெஷின் தப்பு சொல்லும். போன வருஷமே ரெண்டு தடவை சொல்லுச்சு. நான் மருந்து தடவின பட்டை வெச்சுப் பாக்கறேன். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் பொறுங்க."

"மெஷின் சொன்னது நெசமா இருந்தா? ஒரு நாள் வீணாப் போனா புள்ள போயிடும் நெல்சி."

"அந்தப் பாவம் என் தலைல."

"உன் தலைய வெச்சு நான் என்ன பண்ண!" என்றார் டாக்டர். ஆனாலும் மருந்தை நிறுத்தவில்லை. ஆம்புலன்சையும் மறுநாள் பத்தரைக்கு மாற்றினார்.

அந்தப் பட்டையில் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனை வரை படிப்படியாகக் குறையும். பூஞ்சை பூசிய தட்டின் நடுவே வைத்தால், மருந்து கேட்கிற இடம் வரை பூஞ்சை வளராமல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை பட்டையில் அச்சிட்ட எந்த எண்ணில் முடிகிறதோ அதுதான் பதில். ஒன்றுக்குக் கீழே என்றால் நம்பலாம். இரண்டைத் தொட்டால் போச்சு.

மறுநாள் தட்டை வெளியே எடுத்தாள். நல்ல எண்தான் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த எண் வேண்டும் என்று விடிய விடிய வேண்டிக்கொண்ட கண் வேறு எதைப் பார்க்கும்?

அங்கே வழக்கம் ஒன்று உண்டு. சந்தேகமான தட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, சீட்டில் எழுதி, பிறகுதான் ஒப்பிடுவார்கள். நெல்சி போய்க் கூப்பிட்டது யாரை? மெஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆய்வகத் தலைவர் ஓஸ்வால்டோவை!

"அதை வாங்க மூணு வருஷம் நாயா அலைஞ்சேன். நீ ஒரு துண்டுப் பட்டைய வெச்சு என் மூக்கை அறுக்கப் பாக்கறியா?"

"பேசாதீங்க. படிங்க."

அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். லென்ஸை வைத்து, வெறுமைக்குள் ஒரு புள்ளியாவது முளைத்திருக்கிறதா என்று குற்றம் தேடினார். இல்லை. எழுதினார். அவளும் எழுதினாள். சீட்டுகளைத் திருப்பினார்கள். இரண்டிலும் அரை.

ஓஸ்வால்டோ தன் மெஷினை அம்மா பெயரெல்லாம் சேர்த்துத் திட்டினார். பிறகு, "ஏன் நிக்கற? ஓடு, ஆம்புலன்ஸ் வந்துடும்!" என்று கத்தினார்.

ஆம்புலன்ஸ் வெறுமனே திரும்பிப் போனது. குழந்தை இரண்டு நாள் எல்லோரையும் கதிகலங்க வைத்தது. பிறகு காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் ரத்தத்தில் எதுவும் முளைக்கவில்லை. அதற்கடுத்த ரத்தத்திலும் இல்லை.

இத்தனை வருஷத்தில் நெல்சி ஒரு நோயாளியைக்கூட மேலே போய்ப் பார்த்ததில்லை. அன்று போனாள். யாஜைரா மடியில் குழந்தை, மூச்சுக் குழாய் இல்லாமல், தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. கீழ லேப்ல உம் புள்ள ரத்தத்தைப் பாத்துக்கிட்டிருந்தவ" என்றபடியே நெல்சி அந்தச் சுண்டுவிரல் அளவுப் பாதத்தைத் தொடப் போனாள்.

யாஜைரா சட்டென்று குழந்தையை இழுத்துக்கொண்டாள். "லேப்ல வேலை பாக்கறீங்க, இதுகூடத் தெரியாதா? மொதல்ல போய் கையைக் கழுவுங்க!"

நெல்சி கழுவப் போனாள். யார் திட்டியும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.