ஆலைக் குட்டையில் தெளித்த எண்ணெய்

மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே நாங்கள் இருந்த தோட்டத்தில், ரப்பர் ஆலை கழுவிவிடும் வெள்ளைத் தண்ணீர் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டையில் போய்த் தேங்கும். அந்தப் புளித்த நாற்றம் நமக்குக் குடலைப் புரட்டும். கொக்குகளுக்கோ அது விருந்து வீடு. விடிந்ததும் இருபது முப்பது இறங்கி, சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களைக் கொத்திக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கொசுப்புழு சாக எண்ணெய் தெளிக்கிற வேலை. தேங்கிய தண்ணீர் எதையும் விடமாட்டார். அந்தக் குட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தார். காலையில் ஒரு சுருட்டு முடியும்வரை கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னிடம்கூட அவ்வளவு நேரம் நின்று பேசியதில்லை.

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் குளிர்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கிப் போடும். அதே காய்ச்சலில் பக்கத்து லயத்தில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். அடுத்தது நம் வீடுதான் என்றே நினைத்தேன். கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்கவே பயந்தேன். அந்தப் பயத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன்.

“உங்களுக்குப் புள்ள வேணுமா, கொக்கு வேணுமா?”

“அந்தக் குட்டையில கொசுப்புழு இல்ல. பாத்துட்டுதான் விட்டேன்.”

“பாத்த லட்சணந்தான் தெரியுதே.”

எண்ணெய்த் தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் குட்டை முழுக்கக் கறுப்பாக மினுங்கியது. கொக்குகள் வழக்கம்போல் இறங்கின. இறகு ஒட்டிப்போய் மூன்று கொக்குகளால் எழும்ப முடியவில்லை. அவர் தன் தலைத்துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நீளக் காம்பு அகப்பையோடு வந்தார். குட்டையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரிடம் முகம் சுளித்தார்.

“இந்தப் புளிச்ச தண்ணியில காய்ச்சக் கொசு முட்ட போடாதுய்யா. எண்ணெய வீணாக்கிட்டியே.”

அடுத்து, ஓடையோரம் நான் துணி துவைக்கும் குழிக்குப் போனார். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். ஒரு முறை முகந்ததற்கே அகப்பையில் கொசுப்புழு நெளிந்தது.

“இங்க தெளிக்கிறதில்லையா?”

“வாரம் தவறாம தெளிக்கிறேங்கய்யா” என்றார் என் வீட்டுக்காரர்.

தெளிக்கத்தான் செய்தார். துணியில் எண்ணெய் வாடை ஏறுகிறதென்று, அவர் தலை மறைந்ததும் தென்னை மட்டையால் எண்ணெயை ஒதுக்கி ஓடையில் தள்ளிவிட்டது நான்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு உடம்பு சுட்டால்கூட, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுகிறேன். அவர் சாகும்வரை, “எங்கயோ ஒழுங்கா தெளிக்காம விட்டுட்டேன், அதான் புள்ளைக்கு வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான், “விடுங்க, போனது போச்சு” என்று அவரை மன்னித்துக்கொண்டிருந்தேன்.